மூன்று நாள் தேடினோம்

எனக்கு வாய் நீளம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவளுக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்த வாயால்தான் இதை நானே இழுத்து விட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒரு தொலைக்காட்சிக்கு அப்போது பாட நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். போர்க்காலத்தில் ஊரை விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றி நாலு பகுதி வேண்டும் என்றார்கள். கழுத்தில் அட்டை கட்டி ரயிலில் அனுப்பப்பட்ட லண்டன் பிள்ளைகளின் படத்தைக் காட்டி, இது மாதிரி என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு லண்டன் வரைக்கும் போவானேன், எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் அப்பா. தொண்ணூறைத் தாண்டியவர். தாத்தா ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். இங்கேயும் நெல், அங்கேயும் நெல். அப்பாவைப் பெற்றவள் அங்கேயே பிரசவத்தில் போய்விட்டாள். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் தாத்தா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நடந்தார். அப்பாவுக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது இரண்டே பேர். "மலைப்பாதையில, கூட்டத்துல, தங்கச்சி கை விட்டுப் போச்சு. மூணு நாள் தேடினோம். கிடைக்கல." நான் கேட்டு வளர்ந்த முழுக் கதையும் இதுதான். ஒரு வார்த்தை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணுக்கு எங்கள் வகையறாவில் வருஷா வருஷம் ஆடியில் கன்னிப் படையல் போடுவார்கள். சின்னதாக ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், ஒரு இலை நிறையச் சாப்பாடு. அதைப் போடாவிட்டால் அவள் பசியோடு வாசலிலேயே நிற்பாள் என்பார்கள். எங்கள் வீட்டில் எது கோணலாகப் போனாலும், என் கல்யாணம் தள்ளிப்போனதோ, தம்பியின் போர்வெல்லில் உப்புத்தண்ணீர் வந்ததோ, குறி கேட்கப் போன இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான். ஒரு கன்னி பசியோடு நிற்கிறாள். அம்மா வருஷா வருஷம் மல்லுக்கு நிற்பாள். அப்பா ஒரே கேள்வியில் அடக்கிவிடுவார். "செத்ததை யாரு பாத்தா?"

உயிரோடு இருப்பவளுக்குப் படையல் போடலாமா? இத்தனை வருஷமும் மனுஷன் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறாரே என்று நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஆனால் அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றைத்தான். அந்த முகத்தைப் பார்த்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான், அவர் இருக்கும்போதே அந்தப் பெண்ணுக்கு ஒரு இலை போட வைத்துவிடு என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

நாடகத்தை அப்பாவைக் கேட்டுக்கொண்டு எழுதினேன் என்று சொன்னால் பொய். எழுதிவிட்டுச் சொன்னேன். "ம்" என்றார். சிறுமிக்கு என் அத்தையின் பெயரையே வைத்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. அம்மாதான் எனக்கு ஒரு தடவை காதோடு சொல்லியிருந்தாள்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் ஊரிலேயே படப்பிடிப்பு வைத்தார்கள். இயக்குநர் சின்னப் பையன், மதுரைக்காரன். மலை எங்கே மேடம் என்று கேட்டான். தஞ்சாவூர்ச் சீமையில் மலைக்கு நான் எங்கே போவேன்! இருக்கிற உயரமெல்லாம் கோபுரமும் ஆற்றங்கரையும்தான். கடைசியில் பாலத்துக்காகக் கொட்டி வைத்திருந்த செம்மண் மேட்டைப் பர்மாவின் அரக்கான் மலையாக்கினோம். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கதிர் வாங்கிய சம்பா வந்து நின்றது. பர்மாவிலும் வயல் உண்டு, எடுத்துத் தொலை என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் மூட்டையைச் சுமந்துகொண்டு அந்த மேட்டில் ஏறி ஏறி இறங்கினார்கள்.

அந்த இயக்குநர்ப் பையனுக்கு ஒரு பழக்கம். நடிக்கிற குழந்தைகளை நாடகப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். கையில் மைக் வேறு. காலையிலிருந்து அத்தையின் பெயர் ஆற்றங்கரை முழுக்க ஒலித்தது. இங்கே வா, உட்காரு, அழு, எழுந்திரு. எங்கள் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பகலில் சாப்பாடு எடுத்து வைக்கப் போனபோது அப்பா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் அந்தப் பெயரைச் சொன்னது என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, முடிவு வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியிலிருந்து சொன்னார்கள். பார்க்கிற பிள்ளைகள் அழுமாம். சிறுமி கிடைக்க வேண்டும். கத்தினேன், சண்டை போட்டேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அண்ணன் கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி ஓடுகிறான், மூன்று நாள் தேடுகிறான், ஒரு மரத்தடியில் தங்கையைக் கண்டுபிடித்து முதுகில் சுமந்து வருகிறான். மரத்தடி என்பது நானாகப் போட்டது.

வைகாசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒளிபரப்பானது. நானும் அப்பாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவர் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். முடிந்து அடுத்து கணக்குப் பாடம் ஓடத் தொடங்கிய பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய திரும்பிப் போனானா?" என்றார்.

கதைக்காக அப்படி எழுதினேன் என்றேன்.

"நான் போகலையேம்மா."

நான் டிவியை அணைத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். கை விட்டெல்லாம் போகவில்லை. அவளுக்குப் பேதி. இரண்டு நாள் தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் அவராலேயே நடக்க முடியவில்லை. ஒரு மரத்தடியில் துண்டை விரித்து அவளைப் படுக்க வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து தருகிறோம் என்று அவளிடம் சொல்லும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா சொன்னார். பிறகு தாத்தா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். யாரும் யாரையும் தேடவில்லை. மூன்று நாள் தேடினோம் என்பது மலையைத் தாண்டிக் கப்பல் ஏறும்போது தாத்தா சொல்லிக் கொடுத்தது.

"அவ முழிச்சுக்கிட்டுதான் இருந்தா" என்றார் அப்பா.

இவரா, என்னை மடியில் போட்டு வளர்த்த இவரா என்று ஒரு கணம் கோபம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஆனாலும் கேட்டேன். அப்படியானால் அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாளே, அந்தப் படையலை ஏன் போட விடவில்லை? அவள் வருவாள் என்று காத்துக்கொண்டிருப்பதாகத்தானே நாங்கள் நினைத்தோம்.

"படையல் போட்டா வந்துருவாளேம்மா" என்றார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் உள்ள இருக்கறது?"

மறுநாள் அவராகவே சொன்னார். போடு, ஆனால் அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

ஆடி இரண்டாம் வெள்ளி. திருவாரூர்க் கடைவீதியில் பாவாடை கேட்டபோது எத்தனை வயதுக்கு என்றாள் கடைப்பெண். ஐந்து என்றேன். விடியற்காலையிலேயே தம்பி அப்பாவை வண்டியில் வைத்து மெயின் ரோட்டு டீக்கடையில் விட்டுவிட்டு வந்தான். நான் சமைத்து, இலை போட்டு, பாவாடையை மடித்து வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வந்து சாப்பிட்டுப் போகும் வரை எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். நின்றோம். அப்பாவை மட்டும் உள்ளே இருக்க வைத்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. அவரைப் போகவிட்டதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெயில் ஏறிய பிறகு அப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"என்னையக் கேட்டாளா?"

நாலு பகுதிக்குப் பொய் எழுதிய கைக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் உதவவில்லை. இல்லப்பா, ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார்.

"கேட்டிருப்பா. உனக்கு அவ குரல் தெரியாதுல்ல."