முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி

அலுவலகத்தில் கேம் தியரி பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எதிராளி என்ன நினைப்பான் என்று முதலில் யோசி, பிறகு முடிவெடு என்பதுதான் சாரம். இலவசச் சாப்பாட்டோடு இந்த ஞானம் கிடைத்த பிறகு வீட்டில் யாராலும் என்னைத் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் மனைவியை முழங்கால் வலிக்காக எழும்பூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்தது. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அவளால் நிற்க முடியாது. எங்களுக்கு சானடோரியம் ஸ்டேஷன். தாம்பரத்தில் கிளம்பும் ரயில், அடுத்த ஸ்டேஷனான எங்களிடம் வரும்போதே நிரம்பி வழியும். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் எதிர்த்திசை ரயிலில் ஏறித் தாம்பரம் போய், இறங்காமல் அப்படியே உட்கார்ந்து திரும்புவார்கள். எல்லோரும் ஒரு ஸ்டேஷன் யோசித்தால் நான் இரண்டு யோசிக்க வேண்டாமா? தாம்பரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் குரோம்பேட்டைக்கே போய், தாம்பரம் ரயிலில் ஏறுவதென்று முடிவு செய்தேன்.

“நீ சானடோரியத்துலயே நில்லு. முன்னால இருந்து மூணாவது பெட்டி. சீட் ரெடியா இருக்கும்.”

“ஏறி யார்கிட்டயாவது கேட்டா குடுக்க மாட்டாங்களாங்க?”

“மத்தவங்க நல்ல மனச நம்பிப் பிளான் போடக் கூடாது,” என்றேன்.

ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் கைக்குட்டை. தாம்பரத்தில் கூட்டம் முட்டி மோதி ஏறியது. காலில் கட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா இடம் கேட்டார். “என் ஒய்ஃபுக்கு முட்டி வலிம்மா, அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்க,” என்றேன். பாவம், தலையாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சானடோரியத்தில் அவள் ஏறவில்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் உறைத்தது: தாம்பரத்தில் திரும்பும்போது ரயிலின் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். ஊரார் மனதிலெல்லாம் புகுந்து பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவளை நினைத்துப் பயமாகவும் இருந்தது. அப்போதும் கைக்குட்டையை எடுக்கத் தோன்றவில்லை. குரோம்பேட்டை தாண்டித்தான் அவளுக்கு லைன் கிடைத்தது.

“மூணாவது பெட்டியில உங்களக் காணோமே! நான் நொண்டுறதப் பாத்துட்டு ஒரு அம்மா எழுந்து இடம் குடுத்தாங்க. உக்காந்துட்டேன். நீங்க நின்னுக்கிட்டா வரீங்க?”

போனை வைத்தேன். கைக்குட்டையை எடுத்துவிட்டு, காலில் கட்டோடு நின்ற அம்மாவிடம், “உக்காருங்கம்மா,” என்றேன்.

“வேணாம் தம்பி. பல்லாவரம் வந்துடுச்சு, எறங்கணும்.” நொண்டிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தவர் திரும்பிப் பார்த்தார். “கர்ச்சீப்ப எடுக்காத. உன் வூட்டுக்காரம்மா வந்தா நிக்கப் போறாங்க.”