ஐம்பத்திரண்டு கிலோ மணல்

உரப்பையைத் தராசில் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, இன்னும் இரண்டு கை மணல் அள்ளிப் போட்டார் இத்ரூஸ். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பல்லேகமவுக்கு அப்பால் இருக்கும் இந்த ஆற்றோரக் கிராமத்தில் யானைகள் தண்ணீருக்கு இறங்குவது ஐந்தரைக்கு. ஆறு மணிக்குள் படகுகள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

மற்றப் படகுக்காரர்கள் தலையை மட்டும் எண்ணுவார்கள். இத்ரூஸ் போனில் பதியும்போதே ஆளுக்கு எத்தனை கிலோ என்று கேட்டு எழுதிக்கொள்வார். பெயரைக்கூடக் கேட்கமாட்டார். அவருடைய கொப்பியில் நாங்கள் 71, 52.

"மத்த ஆள் எங்க சேர்?" என்றுதான் வந்ததும் கேட்டார்.

என் மனைவி மதுரா தையில் இறந்துவிட்டாள் என்றேன். யானைகள் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்று பதியச் சொன்னவளே அவள்தான் என்றும் சொன்னேன், அதைக் கேட்டாலாவது இத்ரூஸ் கொஞ்சம் அவசரப்படுவார் என்று நினைத்து. அவர் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்துவிட்டுத் தராசை எடுக்கப் போனார்.

"பாதிப் பாரத்தோட போட்டை எறக்க மாட்டேன் சேர். சாஞ்சிடும்."

ஒரே ஒரு பயணியோடு போய்க்கொண்டிருந்த இன்னொரு படகைக் காட்டினேன். "அது அவன்ட போட்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது அவள் முப்பத்தெட்டு. அதைச் சொல்லியிருந்தால் கொஞ்ச நேரமாவது மிச்சப்பட்டிருக்கும். சொல்லவில்லை.

மூட்டைக்கு லைஃப் ஜாக்கெட் வேறு. வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மணல் நீந்துமா என்று கேட்டேன்.

"ஜாக்கெட் இல்லாம யாரையும் ஏத்துறதில்ல சேர்."

நானும் மூட்டையும் எதிரெதிர்ப் பலகைகளில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் இத்ரூஸின் ஓயாத பேச்சு. அவருக்கு மிதக்கும் கட்டையெல்லாம் முதலை, கொக்கெல்லாம் வெளிநாட்டுப் பறவை. சத்தத்தில் கரையோர மான்கள் ஓடி மறைந்தன. தயவுசெய்து பேசாமல் வாருங்கள் என்றேன். பேசாமல் வந்து முதலையிடம் மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையை ஆரம்பித்தார்.

வளைவைத் தாண்டியதும் எனக்கு நேரே, இடக் கரையில், ஏழு யானைகள். நடுவில் ஒரு குட்டி. இத்ரூஸ் இஞ்சினை நிறுத்தினார். பேச்சும் நின்றது.

பிறகு துடுப்பை எடுத்து, தண்ணீர் சலசலக்காமல், படகை அரைவட்டம் திருப்பினார். யானைகள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. எரிச்சலோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. இப்போது யானைகளுக்கு நேரே இருந்த மூட்டையின் பக்கம் எட்டிக் குனிந்து, சரிந்துபோயிருந்த ஜாக்கெட்டை மெதுவாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்.