கைப்பிடிக்குள் ஒரு முட்டை

நாயைக் கண்டால் மதில் ஏறுகிறவன் நான். ஏறி முடித்த பிறகுதான் வந்தது நாயா, கன்றுக்குட்டியா என்று பார்ப்பேன். அப்படிப்பட்டவனை மன்னாரில் ஒரு நாய்ச் சங்கத்துக்குக் காரியதரிசியாக்கினார்கள். பிழை சங்கத்திலா என்னிலா என்று வாசிக்கிறவர்களே தீர்மானிக்கட்டும்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமி, கப்பலில் வந்த ஒரு சஞ்சிகையில் படமொன்றைக் கண்டார். சண்டையில் கண்ணிழந்த சிப்பாயை ஒரு நாய் தெருவில் கூட்டிக்கொண்டு போகிற படம். அதை மேசையில் விரித்து வைத்து, "இது ஏன் எங்களுக்கு ஏலாது?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அங்கே இருந்தவர்கள் கருவாட்டு வியாபாரம் செய்த முஸ்லிம் நானா ஒருவரும், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த நானும். அதுதான் சங்கம்.

யாருக்காக என்ற கேள்வியே எழவில்லை. கீரிக் கரையில் மீன் கூறுகிற அண்ணைக்காக. ஏலம் போடுவதை எங்கள் பக்கத்தில் கூறுதல் என்போம். மீனைக் கும்பமாகக் குவித்து, விலையை ராகத்தோடு ஏற்றி, வாங்க வந்தவர்களைச் சீண்டிச் சீண்டி விற்றுக் கொடுக்கிற வேலை. கண் நோய் கண்டு பார்வை போன பிறகும் அண்ணை அதை விடவில்லை. தடவி, மணந்து, கையில் தூக்கிப் பார்த்தே கூறுவார். மனைவி இல்லாத மனிதர். அவரைக் கரைக்குக் கூட்டிவந்த மகளும் கலியாணம் முடித்து இலுப்பைக்கடவைக்குப் போய்விட்டாள். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒளிக்காமல் சொன்னார்:

"சோளகக் காத்து எழும்பி முதல் வலை இழுக்கிற நாளில நீர் உம்மட காலில வந்து நிக்க வேணும். ஆள் விட்டுக் கூட்டிவர என்னால ஏலாது. வராட்டி வேற ஆளைப் போடுவன்."

"மகளோட போய் இருக்கலாம்தானே அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"இருக்கலாம் தம்பி. மருமோன் வீட்டில ஒரு கதிரை இருக்கு. அதில நானும் போய் இருந்தால், பாக்கிறவன் ரெண்டு கதிரை எண்டுதான் நினைப்பான்."

நறுவிலிக்குளத்து வயல்காரர் ஒருவர் தவிட்டு நிறப் பெட்டை நாயொன்றைத் தந்தார். வண்டில்மாட்டு வாரில் அதற்கு நெஞ்சுப்பட்டி தைத்து, முதுகுக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறமாதிரிப் பூவரசங் கட்டையில் கைப்பிடி பூட்டினோம். பெயர் வைக்கக் கூட்டம் கூடியது. புனிதர்களான அர்ச்சிஷ்டர்களின் பெயர் கூடாது என்றார் சுவாமி. மனிதப் பெயரே கூடாது என்றார் நானா. துரைமாரின் பெயர் வைத்தால் என் உத்தியோகம் போய்விடும் என்றேன் நான். "இஞ்ச" என்றால் நாய் வந்தது. அது போதும் என்று கூட்டத்தைக் கலைத்தோம்.

யாராவது ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நாயோடு நடந்துதான் அதைப் பழக்க வேண்டும் என்று சஞ்சிகையில் எழுதியிருந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேலைக்கு நாய் வளர்க்கிறது எங்கட மார்க்கத்தில குற்றமில்ல," என்றார் நானா. "ஆனா எச்சில் பட்டால் நான் ஏழுதரம் கழுவோணும், அதில ஒருதரம் மண்ணால. கிளாக்கர் ஐயா ஒருக்காக் குளிச்சால் காணும்."

"அதையும் செய்ய வைக்கிறது கஷ்டம்," என்றார் சுவாமி.

மனைவியின் பழைய சேலைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நான் நடந்த நடையை மன்னார்க் கழுதைகள் இன்னும் மறந்திருக்காது. ஒவ்வொரு கழுதை மூச்சையும் நாயின் உறுமல் என்று நினைத்தேன். நாயின் மூச்சை மரணம் என்று நினைத்தேன். ஆனால் எல்லாரும் பயந்த இடத்தில் நாய் கெட்டித்தனம் காட்டியது. அண்ணையின் வீட்டுக்கும் கீரிக் கரைக்கும் நடுவில் தலைமன்னார் றெயில் பாதை கிடந்தது. ஆட்கள் கடக்கிற கடவையில் மறிக்கிற படலை இல்லை. தூரத்தில் றெயில் கூவினால் போதும், தண்டவாளத்துக்கு இப்பாலேயே நாய் நின்றுவிடும். "இதைக் கச்சேரிக்குக் கூட்டிப் போங்கோ, உங்கட வேலையை இது பாக்கும், உங்களுக்கு லீவு கிடைக்கும்" என்று நானா கைதட்டுவார்.

நாயை அண்ணையிடம் கொடுத்த அன்று சாமான் றெயில் ஒன்று கூவிக்கொண்டு வந்தது. அண்ணை கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நேரே தண்டவாளத்துக்குப் போனது.

நான் என்ன செய்தேன்? கண்ணை மூடிக்கொண்டேன். அது எனக்குப் பழகிப் போயிருந்தது. நானாதான் பாய்ந்து, அண்ணையைச் சட்டையோடு பிடித்துப் பின்னால் இழுத்தார். றெயில் எங்கள் மேல் கரியைத் தூவிவிட்டுப் போனது.

மணலில் விழுந்திருந்த அண்ணை கைப்பிடியைத் தடவித் தேடி எடுத்தார். பிறகு, "தம்பி, நீர் எப்பவும் பிடிக்கிறமாதிரிப் பிடியும்," என்றார். நான் பிடித்தேன். என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். தண்டவாளத்தை அண்ட அண்ட அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நாய் நிக்கேல்ல. நீர்தான் நிண்டனீர்! தண்டவாளம் கிட்ட வர உம்மட கை வலையில பட்ட நண்டு மாதிரி இறுகுது. அது இறுகத்தான் நாய் நிக்குது."

நாங்கள் நாயைப் பழக்கவில்லை. என் நடுக்கத்தை ஒரு பாஷையாக எண்ணி நாய் படித்து வைத்திருந்தது. அண்ணையின் கையோ புயலிலும் வலையை விடாத கை. அதில் அந்தப் பாஷைக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை.

"அப்ப அண்ணையும் பயந்து பழகட்டும்," என்றார் நானா.

"தண்டவாளம் எங்க கிடக்குது எண்டு தெரிஞ்சாத்தானே நான் பயப்பிடலாம்? அது தெரிஞ்சால் எனக்கு நாய் என்னத்துக்கு?" அண்ணை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சோளகமும் கிட்டுது. இலுப்பைக்கடவைக்கு வண்டில் பிடிப்பம்."

என் வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. "பிடிக்க வேண்டாம்," என்றேன். "பிழை என்ர கையில. கையைத் திருத்திப்போட்டு வாறன்."

சொல்லிவிட்டேன். எப்படித் திருத்துவது? வீட்டுக்குப் போனால், மனைவி மடியில் முட்டைகளோடு அயல்வீட்டு நாயைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். நாய் குலைத்தது. அவள் பதறவில்லை. பதறினால் முட்டை உடையும்.

மறுநாள் காலையில் கைப்பிடிக்கும் என் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டினேன். தண்டவாளத்துக்கு முன்னால் நானா நீளத் தடியோடு நிற்பார். றெயில் வருகிற நேரம் நாயின் நெஞ்சுக்கு நேரே தடியைக் குறுக்கே நீட்டுவார். நாய் நின்றால் எட்ட நின்றே ஒரு கருவாட்டுத் துண்டை எறிவார். என் வேலை ஒன்றே ஒன்று: கையை இறுக்காமல் விடுவது.

முதல் முட்டை, நாய் தும்மியதில் போனது. அடுத்தது, ஒழுகிய மஞ்சளை நாய் நக்க வந்ததில் போனது. நான் போட்ட கூச்சலில் நானாவின் தடியும் கைநழுவிப் போனது. சட்டையில் முட்டை நாற்றத்தோடு கச்சேரிக்குப் போய் வந்தேன். ஆனாலும் விடவில்லை. நாள்தோறும் விடியலில் எழும்பிப் போனேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி, "உங்கட பயத்துக்கு ஈடு குடுத்து முட்டை போட எங்கட கோழியால ஏலாது."

"அப்ப இன்னொரு கோழி வாங்குவம்," என்றேன். அது பகிடியல்ல. வாங்கினேன்.

கொஞ்சம் கொஞ்சமாக முட்டை முழுசாக வீடு திரும்பத் தொடங்கியது. நானாவும் இனித் தேவையில்லை என்று தடியை எறிந்துவிட்டார். ஒருநாள் எதிர்க்காற்று. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தண்டவாளம் இன்னும் தூரம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நாய் நின்றது. "போ" என்றேன். போகவில்லை. இன்னொருதரம் அதட்டினேன். என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பிறகுதான் றெயில் பாதை வேலைக்காரரின் தள்ளுவண்டி கடகடவென்று மூக்குக்கு முன்னால் போனது. முட்டை கையில் அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் நாயின் தலையை முதன்முதலாகத் தொட்டேன். ஒரு விரலால்.

அதற்குப் பிறகு கைப்பிடி அண்ணையின் கைக்குப் போனது. இருவரும் நாளும் நடந்தார்கள்.

சோளகம் எழும்பியது. முதல் வலை இழுத்த காலையில் கடவைக்குக் கரைப் பக்கமாக ஒரு பனையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். துணைக்குச் சட்டைப் பையில் ஒரு முட்டை. அண்ணை தனியாக, நாயோடு வந்தார். றெயிலும் வந்தது. நாய் நின்றது. "போ," என்றார் அண்ணை. அது அசையவில்லை. அவர் குனிந்து அதன் காதைத் தடவினார்.

"சரி மகள். நீ சொன்னால் சரி."

றெயில் போனது. அவர்கள் கடந்து வந்தார்கள். என் பையில் ஏதோ ஈரமாக இறங்கியது.

கரையில் வலை ஏறிச் சூடை மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. சம்மாட்டி அண்ணையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"உம்மட காலில வரச் சொன்னன். நீர் ஆறு காலில வந்திருக்கிறீர்?"

"ரெண்டு கேட்டனீங்கள், நாலு கூடத் தந்திருக்கிறன். கூறட்டோ?"

சம்மாட்டி சிரித்துவிட்டார். "கூறும்."

அண்ணையின் குரல் எழும்பியது. நானாவும் மற்ற வியாபாரிகளும் விலையை ஏற்றினார்கள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு என்னை அறியாமல் "ஆ..." என்று வெளியே வந்தது.

"கிளாக்கர் விலை கேட்டிட்டார்! கும்பம் அவருக்கே!" என்று அண்ணை கூறி முடித்தார். கரை முழுக்கச் சிரித்தது. கூறினது கூறினதுதான். என் தலைக்குயரக் கும்பம் ஒன்று என் பெயருக்கு விழுந்தது.

அதிலிருந்து ஒரு சூடையை எடுத்து உள்ளங்கையை விரித்து நீட்டினேன். நாய் வந்து, பல் படாமல் எடுத்துக்கொண்டது. நான் மதில் ஏறவில்லை. கீரிக் கரையில் மதில் இல்லை என்பது வேறு விஷயம்.