எட்டு நட்டு

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம். 1971-ஆம் வருடம், மே மாதம். நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில் நடந்தது. பார்த்தவர் மெக்கானிக் யேசுதாஸ். பீடிகூடத் தொடாத மனிதர். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குத் துளசிராமன் தன் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஊர் நஞ்சையில் பாதி அவருடையது. வாய்த்துடுக்கு அதைவிட அதிகம். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி, தொட்டி வைத்து, சேற்றிலும் மணலிலும் ஓட்டப் பெரிய டயர் மாட்டிய வண்டி அது. ஆரணி ஆற்று மணலில் அதன் பின் ஆக்ஸில் உடைந்துவிட்டது. மாற்றுவதற்கு வேறொரு ஆக்ஸிலைக் கொண்டுவந்து இறக்கினார்.

“இது எந்த வண்டியுதுங்க?”

“நம்ம பழைய வேனுது. அத்த ஒடச்சி வித்து மூணு வருசமாவுது. இது மட்டும் வைக்கப்போர்ல கெடந்துச்சி. மத்தியானம் வருவேன், ரெடியா இருக்கணும்.”

யேசுதாஸ் தனியாக உட்கார்ந்து, ஆக்ஸிலில் இறுகிக் கிடந்த மண்ணைச் சுரண்டினார். பிரேக் டிரம்முக்குப் பக்கத்தில் என்னவோ கம்பிபோல் சுற்றியிருந்தது. இழுத்தார். நீலமணி கோத்த செபமாலை. சிலுவையின் ஒரு கை உடைந்து, ஈயம் வைத்து ஒட்டியிருந்தது.

அந்த ஈயத்தை வைத்தவரே அவர்தான்.

அவர் தங்கை ஆரோக்கியமேரியின் செபமாலை அது. மூன்று வருடத்துக்கு முன், செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்து போனவளை ஒரு வேன் இடித்தது. நிற்காமல் ஓடியிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள். உயிரோடு கிடந்தவள் அடையாளம் சொல்லிவிடுவாள் என்று, வேனைப் பின்னால் எடுத்து இன்னொரு முறை ஏற்றிவிட்டுப் போனான் அந்தப் பாவி. யாரைக் கொன்றோம் என்றுகூட அவன் விசாரித்ததில்லை போலிருக்கிறது. வேன் கடைசிவரை அகப்படவில்லை.

யேசுதாஸ் அழவில்லை. ஆக்ஸிலைத் தூக்கி மாட்டினார். அதை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்து நிறுத்துபவை எட்டு நட்டுகள். இடப்பக்கம் நாலையும் முறுக்கினார். வலப்பக்கம் நாலைப் போடவே இல்லை. ஆற்றுப் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி கவிழும். கவிழட்டும். மிச்சமிருந்த நாலு நட்டையும் செபமாலையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி 11.40. ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த சக்கரம் சுழன்றது. என்ஜின் ஓடவில்லை. கையால் பிடித்து நிறுத்தினார். விட்டார். மறுபடியும் சுழன்றது... பின்பக்கமாகவே.

11.52. வண்டிக்கடியில் முணுமுணுப்பு. யாரோ மணி உருட்டிச் செபம் சொல்வதுபோல்... மேரி அப்படித்தான், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வாள். குனிந்து பார்த்தார். யாரும் இல்லை.

ஜாக்கியை இறக்கினார்.

12.05. துளசிராமன் வந்துவிட்டார்.

“ஆயிடுச்சா?”

யேசுதாஸ் சட்டைப் பையிலிருந்த நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். தங்கையைக் கொன்றவன்தான். ஆனால் தன் கையாலா?

“இன்னும்... கொஞ்சம் வேல கீதுங்க. இப்ப எடுக்காதீங்க.”

“இன்னா வேல? தள்ளு, நானே பாக்கறேன்.”

வண்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே போய்க் குனிந்தார்.

சாவி யேசுதாஸின் கையில் இருந்தது.

டக்...

வண்டி பின்னால் போனது.

அலறல்.

முன்னால் வந்தது. நின்றது.

மறுபடியும் பின்னால்...

மணி 12.10.

சாயங்காலம் நாலு மணிக்குப் போலீஸோடு வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி வந்து, அடியில் படுத்துப் பார்த்தார். யேசுதாஸ் விலங்குக்குத் தயாராக நின்றார். நட்டு போடாதது தெரிந்தால் கொலைக் கேஸ்தான்.

அதிகாரி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“எட்டு நட்டும் கெட்டியா கீதுப்பா. உம்மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா வலப்பக்கம் நாலு நட்டையும் சேத்து நீலமணி மாலையச் சுத்தி வச்சிருக்கியே, இன்னாத்துக்கு?”

யேசுதாஸ் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

நாலு நட்டும் இருந்தன. செபமாலை இல்லை.