ஆரத்தி பட்ட சுவர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது, அதனால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது படித்துக்கொள்ளலாம். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் நானே சுண்ணாம்பு அடித்தவள். சுவர் விஷயத்தில் எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன், டெக்சாஸுக்குப் போகும்வரை.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கடைசி மகன் அங்கே காப்பெல் என்ற ஊரில் புது வீடு வாங்கியிருந்தான். மருமகளுக்குத் தலைப்பிரசவம். அமெரிக்காவில் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற அம்மாக்கள் ஷிப்ட் போட்டுத்தான் போவார்கள். முதல் ஷிப்ட் பெண்ணைப் பெற்றவளுக்கு. அவள் கிளம்புகிற சமயத்தில் பையனைப் பெற்றவள் போய் இறங்கவேண்டும். பேத்தி குப்புற விழுந்த பிறகா நான் முகம் பார்ப்பது? பிரசவத்துக்கு முன்பே விமானம் ஏறிவிட்டேன்.

அங்கே சம்பந்தியம்மா அடுப்படியைப் பிடித்துவிட்டிருந்தார். சென்னைக்காரர், கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். எனக்கு வேலையே மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்து, "சாம்பார்ல புளி தூக்கலா இருக்குதுங்க" என்று சொல்வதுதான் என் வேலை. "உங்க ஊர்ல புளியைக் கண்ணுல காட்டிட்டு எடுத்துடுவீங்களோ?" என்பார் அவர். பொழுது இப்படிப் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வந்த அன்று ஆரத்தி எடுக்கும் வேலையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியில் புடவைக்குள் சுருட்டி வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா கொண்டுபோயிருந்தேன். மஞ்சளில் அதைக் குழைத்ததும் தாம்பாளத்துத் தண்ணீர் நல்ல ரத்தச் சிவப்பாக வந்தது. சுற்றி, பொட்டு வைத்து, எல்லாரையும் உள்ளே அனுப்பினேன்.

உள்ளே போகிற போக்கில் சம்பந்தியம்மா, "ரோட்டோரமாப் போய் ஊத்துங்க சம்பந்தி, இங்கே காத்து ஜாஸ்தி" என்றார்.

அவர் சொல்லி நான் கேட்பதா? அதோடு நான் வெறுங்காலில் நின்றிருந்தேன். கார் நிற்கிற சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. வாசற்படியில் நின்றபடியே வீசி ஊற்றினேன். டெக்சாஸ் காற்று அதை அப்படியே வாங்கித் திருப்பி அனுப்பியது. அந்த வீட்டின் முகப்பு பாதி செங்கல், பாதி வெள்ளைச் சாயம் பூசிய மரப்பலகை. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் செங்கல் நிறத்தோடு போயிருக்கும். கதவுக்கு இடப்புறம், வெள்ளைப் பலகையில், இடுப்புயரத்துக்குத் தெறித்திருந்தது.

நான் சத்தம் போடாமல் உள்ளே போய்க் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மகன் வாசலிலிருந்து கத்தினான். "என்னம்மா இது? மர்டர் நடந்த வீடு மாதிரி இருக்கு!"

"நான் ரோட்டோரமாத்தான் கண்ணு ஊத்தினேன். காத்து கொண்டாந்திருச்சு" என்றேன். காற்று கொண்டுவந்தது சத்தியம். எங்கிருந்து என்பதில்தான் கொஞ்சம் ஏறக்குறைய.

சம்பந்தியம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொல்லாத காத்து" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் பேர் வைக்கிற விசேஷம். காப்பெல் தமிழர்கள் அத்தனை பேரும் அந்த வாசலில்தான் செருப்பைக் கழற்றப் போகிறார்கள். அதற்குள் கறை போகாவிட்டால் பேச்சு எழும். பேச்சு எழுந்தால், யார் பேச்சைக் கேட்காமல் யார் எங்கே நின்று ஊற்றினார்கள் என்பதும் எழும். சம்பந்தி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று என் மகன் வாயால் வந்துவிட்டால், நான் அந்தச் சாம்பாரை அவர் ஊருக்குக் கிளம்புகிறவரை வாய் திறக்காமல் சாப்பிடவேண்டியதுதான்.

முதலில் மகன் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்தான். தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது, புதுப்பெண் கன்னம் மாதிரி. ஓரத்தில் மஞ்சளாக வெளிறியிருந்த இடமும் சேர்ந்து சிவந்தது.

"நகரு" என்று நான் புளியைக் கரைத்து எடுத்துப்போனேன். தொட்டதும் சிவப்பு மஞ்சளாகிவிட்டது. "பார்த்தியா?" என்று நிமிர்ந்தேன். சிவப்புதான் போயிற்று. மஞ்சள் அங்கேயே நின்றது, இப்போது புளியின் பழுப்பும் துணைக்குச் சேர்ந்திருந்தது.

"வாசலுக்கும் சாம்பாரா சம்பந்தி?" என்றார் சம்பந்தியம்மா. "அதுலயாவது புளி சரியா இருக்கா?"

மூன்றாவது, இயந்திரம். சனிக்கிழமை மகன் பிரஷர் வாஷர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தான். பெரிய பீச்சாங்குழல், அவ்வளவுதான், ஆனால் லாரி கிளம்புகிற சத்தம். அதோடு வந்த புத்தகத்தை நின்று படித்தான். "சிமெண்ட்டுக்கு ஒரு நாஸில் முனை, பிரிக்குக்கு ஒரு நாஸில்மா. உட் பலகைக்கு ரொம்ப லைட்டா யூஸ் பண்ணணுமாம்."

"லைட்டுன்னா எவ்வளவு?"

"அடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

அடித்துப் பார்த்தான். பலகையின் கீழ் மூலையில் உள்ளங்கையகலத்துக்குச் சாயம் தோலாக உரிந்து பறந்தது. கறை அசையவில்லை.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க! பேர் வைக்கிற வரைக்கும் வீடு மிச்சம் இருக்கட்டும்!" என்று சம்பந்தியம்மா உள்ளிருந்து கூவினார்.

வாடகை கொடுத்தாயிற்றே என்று மகன் அந்தப் பீச்சாங்குழலால் சிமெண்டுத் தரையைக் கழுவினான். தரை பாலாக வெளுத்தது. அதனால் சுவர் இன்னும் அழுக்காகத் தெரிந்தது. பிளீச் ஊற்றலாமா என்று கேட்டான். அந்த நெடி குழந்தைக்கு ஆகாது என்று மருமகள் படுக்கையிலிருந்தே தடுத்துவிட்டாள்.

எனக்கு ஒரு வழி தெரியாமல் இல்லை. மஞ்சள் பட்ட புடவையை அலசி நல்ல வெயிலில் போட்டால் கறை தானாக ஓடிவிடும். ஆனால் சுவரைத் தூக்கிக் கொடியில் போடமுடியுமா? கழுவ முடியாததை மறைக்கலாம் என்று முடிவு செய்தேன். குழந்தைத் தொட்டில் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கறைமேல் சாய்த்து வைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் அட்டை புல்லில் கிடந்தது. காற்று என்று நினைத்து மறுபடி சாய்த்தேன். மறுநாளும் புல்லில். பூந்தொட்டி ஒன்றை முட்டுக்கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அட்டை ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். தொட்டி கவிழவில்லை, ஒழுங்காக ஓரம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருந்தது.

டெக்சாஸ் காற்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுமா? மத்தியானம் தூங்குகிற மாதிரி போய்ப் படுத்து, சத்தமில்லாமல் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன். சம்பந்தியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். "ஏனுங்க சம்பந்தி, நீங்கதானா அது?"

"பின்னே காத்தா?" என்றார், நிமிராமலே. "மறைச்சு வெச்சா கறை எப்படிப் போகும்? மஞ்சப் பட்ட புடவையை நீங்க பீரோவுக்குள்ளயா காயப்போடுவீங்க?"

"புடவைன்னா வெயில்ல போடலாம். சொவத்தைத் தூக்கிப் போட முடியுங்களா?"

அவர் தொட்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "சுவரு எங்கே சம்பந்தி நிக்குது?"

மேற்குப் பார்த்த வாசல். வெயில் நெற்றியில் அடித்தது. அட்டை மூடாத இடத்திலெல்லாம் பலகை வெள்ளையாக இருந்தது. அவர் நகர்த்திய நேரத்தில் வெயில் பட்ட இடமும் நன்றாக வெளிறியிருந்தது. அட்டையின் விளிம்பு சுவரோடு ஒட்டி வெளிச்சம் புகாமல் அடைத்திருந்த இடத்தில் மட்டும் விரலகலத்துக்கு ஒரு கோடு, மஞ்சள் பளிச்சென்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன். "நான் எங்கே நின்னு ஊத்தினேன்னு..."

"ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலீங்களே?"

"சொன்னா உங்க வாய் அடங்கிடும். அப்புறம் இந்த ஊர்ல எனக்குப் பேச்சுத் துணை யாரு, அந்த பிரஷர் வாஷரா?"

அன்று ராத்திரிச் சாம்பாரில் புளி சரியாக இருந்தது. ஆனாலும் தூக்கல் என்றேன். அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

விசேஷத்தன்று கறை போயிருந்தது. உரிந்த மூலையில் மகன் சாயம் பூசியிருந்தான். அந்த ஒற்றைக் கோடு மட்டும் லேசாக நின்றது. வந்திருந்த ஒரு பெண், மகனோடு ஆபீசில் வேலை செய்கிறவள், அவளும் பிள்ளைத்தாய்ச்சி, குனிந்து பார்த்துவிட்டாள். "ஆண்ட்டி, இது என்ன, டோருக்குப் பக்கத்துல ஸ்ட்ரெயிட்டா ஒரு யெல்லோ லைன்?"

நான் வாயைத் திறக்கும் முன் சம்பந்தியம்மா பன்னீர்ச்செம்பை அசைத்தபடி சொன்னார்: "அதுவாம்மா, எங்க சம்பந்தியம்மா ஊரு வழக்கம். பச்சைக்குழந்தை வந்த வீட்டுல திருஷ்டிக்கு மஞ்சக்கோடு போடுவாங்க."

நான் விடுவேனா? "எடது பக்கந்தான் போடோணும் கண்ணு" என்றேன்.

சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பார்க்கப் போனோம். அவள் வீட்டு வாசலில், கதவுக்கு இடப்புறம், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு மஞ்சள் கோடு. மகன் என்னைப் பார்த்தான். நானும் சம்பந்தியம்மாவும் வானத்தைப் பார்த்தோம்.

அன்று ஆரத்தி எடுத்து வந்த குழந்தைதான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கி வைத்துக்கொள்கிறவள். சனி ஞாயிறு தமிழ் வகுப்பில் எழுத்துப் படித்திருக்கிறாள். நான் கூட்டிக் கூட்டி எழுதியதை அவளும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள்.

"அப்பத்தா, வெயிட், ஸோ இட் வாஸ்ன்ட் த விண்ட்?" என்கிறாள்.

மெதுவாப் பேசு கண்ணு, உங்கப்பன் மாடியில இருக்கான், அவன் இன்னும் காத்துன்னுதான் நினைச்சிட்டிருக்கான். மெட்ராஸுக்குப் போன் போட்டு உங்கம்மாவைப் பெத்த அம்மாயியைக் கூப்பிடு. அவங்க லைன்ல வந்ததும், எங்கே, முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு.