மூன்று சென்ட் நோட்டும் இரண்டு காப்பியும்

பிள்ளைகளே, என் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு துண்டுச் சீட்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இரண்டு காப்பி' என்று ஊதா மசியில் முத்திரை. அதைத் தொட்டால் மதுரையில் ஒரு பகல் பொழுது அப்படியே திரும்பி வருகிறது.

யுத்த காலம் அது. சில்லறைக் காசு ஊரைவிட்டே ஓடிப்போயிருந்தது. கடைக்காரர்கள் மீதிக்குப் பதில் முத்திரை குத்திய சீட்டைக் கொடுத்தார்கள்; அது கைமாறிப் பக்கத்துக் கடைகளிலும் செல்லும். நான் தபாலாபீசில் குமாஸ்தா. எங்கள் போஸ்ட்மாஸ்டருக்கு ஒரே ஒரு ஆசை. எண்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவிலும் உள்நாட்டுச் சண்டையில் இப்படித்தான் காசு மறைந்ததாம். சர்க்கார் சின்னஞ்சிறு நோட்டுகளை அச்சடித்ததாம். ஆறு மதிப்புகளில் ஐந்து அவரிடம் இருந்தன. எல்லாவற்றிலும் சிறியதான மூன்று சென்ட் நோட்டுக்காகப் பதினோரு வருடம் கடிதம் எழுதிக் காத்திருந்தார். அன்று காலை மிஷன் ஆஸ்பத்திரியின் அமெரிக்க டாக்டரம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். போஸ்ட்மாஸ்டர் ஐயா அதை மேஜையில், தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். எங்கள் காப்பிச் சீட்டும் எப்போதும் அங்கேதான் இருக்கும்.

நான் அதை அறியாமல், பேச்சுப் பராக்கில் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு போய் இருவருக்கும் காப்பி வாங்கி வந்தேன். குடித்த பிறகுதான் அவர் குண்டைத் தூக்கிப் பார்த்தார். அங்கே காப்பிச் சீட்டு மட்டும் இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"பதினோரு வருசத்தை ஒரே மடக்குல குடிச்சிட்டேனேப்பா" என்றார்.

காப்பிக்கடைக்கு ஓடினோம். கடைக்காரர் கையை விரித்தார். "இப்ப எந்தத் தாளு வந்தாலும் வாங்குறதுதான சார். படம் வேற அம்புட்டு அழகா இருந்துச்சு. வண்டிக்கார அண்ணன்ட்ட மீதியாக் குடுத்துட்டேன்."

சாயங்காலம் குதிரைவண்டிக்காரரைப் பிடித்தோம். திருப்பரங்குன்றத்தில் பூ வாங்கி அதைக் கொடுத்துவிட்டாராம். "அமெரிக்கா நோட்டுன்னு தெரிஞ்சிருந்தா குதிரையைக் கேட்டுல்ல செலவழிச்சிருப்பேன்" என்று சிரித்தபடி எங்களை ஏற்றிக்கொண்டார். தூரத்தில் மலை புகைபோல மிதந்தது.

பூக்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நோட்டு இருந்தது. ஐயா கை நீட்டினார்.

"சும்மா கேட்டா எப்படிண்ணே? பூ வாங்குங்க, மீதியாத் தாரேன்."

ஐயா வெகுநாளாகப் பொத்தி வைத்திருந்த ஓரணாக் காசை எடுத்தார். அந்த அம்மா பூவோடு நோட்டையும் கொடுத்துவிட்டு, அந்தக் காசையே பார்த்துக்கொண்டு நின்றார். கிடைக்காத பொருள் அன்று இருவர் கையிலும் இருந்தது.

நோட்டில் ஒரு மடிப்பு; மல்லிகை ஈரம். இஸ்திரி போட்டுத் தரட்டுமா என்று தயங்கிக் கேட்டேன்.

"வேணாம்ப்பா. எண்பது வருசம் படுத்தே கிடந்துச்சு. இன்னைக்குத்தான் வேலைக்குப் போய்ட்டு வந்திருக்கு. அலுப்பு இருக்கும்ல?"

மறுநாள் காப்பிச் சீட்டை என் பக்கம் தள்ளி, "இது உனக்கு. செலவழிச்சிராத" என்றார்.

இப்போது உங்கள் சட்டைப் பைகளில் காசு குலுங்குகிறது. அந்தக் காப்பிக்கடை இல்லை, ஐயாவும் இல்லை. இந்தச் சீட்டுக்கு யாரும் எதுவும் தரமாட்டார்கள். ஆனாலும் எங்கோ இரண்டு டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.