கொல்லிமலையில் ஒரு தையல் கோடு: லாங் ஆர்ம் இயந்திரத்துக்குக் கணினி தேடிப் போன பயணம்

கொல்லிமலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் பாதிதான் உதவும். நாங்கள் போனது ஒரு தையல் இயந்திரத்தைப் பார்க்க. கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பி, ஞாயிறு திரும்பினோம்.

கரூரில் எனக்கும் சாந்திக்கும் சேர்த்து ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. குயில்ட் தைக்கிறோம். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, மூன்றையும் சேர்த்துப் பூவும் கொடியுமாகத் தைத்த கனமான போர்வை. அதைத் தைப்பதற்கென்றே உள்ளதுதான் லாங் ஆர்ம் இயந்திரம். பன்னிரண்டு அடிச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிடுவோம். துணி அசையாது; தையல் தலைதான் அதன் மேல் தண்டவாளத்தில் ஓடுவது போல ஓடும். அதைக் கைப்பிடி பிடித்து ஓட்டுகிறவள் சாந்தி. துணி வெட்டுவதும், வாங்குகிறவர்களிடம் பேசுவதும் என் வேலை.

ஆடி மாதத்தில் சாந்திக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இப்படியே தள்ளிக்கொண்டிருந்தால் கையைத் தூக்கவே முடியாமல் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தையல் தலையைத் தானே நகர்த்தும் கணினி அமைப்பு ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று நான் தேட ஆரம்பித்தேன். சாந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அதுவே தச்சுக்கும்னா, நான் எதுக்குங்க்கா?”

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது அவளிடம் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு பட்டறையில் எங்கள் பேச்சு நூல் நிறத்தோடு நின்றுபோனது. அவள் வேறு வேலை தேடுகிறாளோ என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

தேடியதில் இரண்டு வழிகள் தெரிந்தன. பழைய இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, கணினியோடு சேர்த்தே செய்த புது இயந்திரத்தை வாங்குவது ஒன்று. இருக்கிற இயந்திரத்தில் மோட்டாரும் பெல்ட்டும் திரையும் தனியாகப் பொருத்திக்கொள்வது இன்னொன்று. ஷோரூமில் முதலாவதைத்தான் பார்த்தேன். குளிரூட்டிய அறை, பளபளப்பான திரை, ஒரு பிசிறு இல்லாத ரோஜாப்பூ. “கரண்ட் போனால்?” என்று கேட்டேன். “யுபிஎஸ் வாங்கிக்குங்க மேடம்” என்றார் விற்பனையாளர். அப்போதும் என் மனம் அதன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஒட்டுப்போட்ட இயந்திரம் என்னத்துக்கு ஆகும் என்று நினைத்தேன். எங்களுக்கு நூல் தரும் கடைக்காரர்தான், கொல்லிமலையில் மல்லிகா என்பவர் இரண்டு வருடமாகப் பொருத்தும் வகையை ஓட்டுகிறார், வாங்குவதற்கு முன்னால் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சாந்தியைக் கூப்பிட்டேன். “வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

காலை ஆறு மணிக்குக் கரூரில் பேருந்து ஏறினோம். நாமக்கல்லில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கு மலைப் பேருந்து. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போகும். காளப்பநாயக்கன்பட்டியில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். தண்ணீர் வாங்குவதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சோதனைத் தையலுக்காகப் பஞ்சு வைத்துச் சுருட்டிய துணி மூட்டை ஒன்று இருந்தது. நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மெத்தையோடவே வாரீங்க? மேல ரூம்லயே போர்வை குடுப்பாங்களே!” என்றார். பேருந்தே சிரித்தது. பல நாளைக்குப் பிறகு சாந்தியும் சிரித்தாள்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுகிறவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். முதல் இருபது வளைவுகள் வரை வெயில் இருந்தது. பிறகு மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் மடிமேல் உட்கார்ந்துகொண்டது. மரங்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. ஒரு கிளை வரும், அதற்கு அடிமரம் இருக்காது. பேருந்து மேலே ஏறுகிறதா, ஒரே இடத்தில் நின்று மெல்லச் சுழல்கிறதா என்றே தெரியவில்லை. சாந்தி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் இடது கை விரலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். இழுக்க இழுக்கப் பனி அதை மூடியது.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இறங்கும்போது மணி பத்தரை. சந்தையில் பலாப்பழ வாசனையும் மிளகு வாசனையும் குளிரில் கலந்திருந்தன. அங்கிருந்து பைல் நாடு என்ற மலைக் கிராமப் பக்கம் ஆட்டோவில் அரை மணி நேரம். ஆட்டோக்காரர் முன்னூறு ரூபாய் கேட்டார். நாங்கள் திரும்பும்வரை காத்திருக்கவும் சேர்த்துத்தான் என்று பிறகு தெரிந்தது. ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

மல்லிகாவுக்கு ஐம்பது வயது இருக்கும். திருப்பூரில் பல வருடம் தையல் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். மலையிலுள்ள தங்கும் விடுதிகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கிறார். மிளகு காயவைத்த தகரக் கொட்டகைதான் பட்டறை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெள்ளைத் துணிமேல் தையல் தலை தன்னந்தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் யாருடைய கையும் இல்லை. பனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து சட்டத்துக்கு அடியில் படுத்திருந்தது. மல்லிகா பக்கத்தில் நிற்க, நாங்கள் வாசலிலேயே நின்று பார்த்தோம். ஊசிச் சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று அதுவும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

“இது தெனமும் நடக்கறதுதானுங்க” என்று மல்லிகா அடுப்பில் காபி வைத்தார். திரைமட்டும் அதன் பேட்டரியில் விழித்திருந்தது. கரண்ட் வந்ததும் அவர் கடைசித் தையல் இருந்த இடத்தைத் திரையில் தொட்டார். ஊசி அங்கேயே போய் இறங்கி, பாதியில் நின்ற பூவை முடித்தது. ஒட்டு எங்கே என்று நான் குனிந்து தேடினேன். தெரியவில்லை.

சாந்தி அப்போதுதான் வாய் திறந்தாள். “நூல் அந்துபோச்சுன்னா?”

“அதுக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு. அது பாட்டுக்கு வெறும் ஊசில ஓடிட்டே இருக்கும். ஆளு பக்கத்துலயே நிக்கோணும். தைக்கத் தைக்கத் துணி சுருங்கும் பாரு, அடுத்த வரிசைய எங்க வெக்கறதுன்னும் நாமதான் சொல்லிக் குடுக்கோணும்.”

பிறகு மல்லிகா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைக் கையால் ஓட்டும்படி மாற்றினார். எங்கள் துணியைச் சட்டத்தில் கட்டினோம். “நீ ஓட்டறத இது அப்படியே பதிஞ்சுக்கும். ஒரு கோடு ஓட்டிக் காட்டு” என்றார். தோளை நினைத்து நான் தடுக்கப் பார்த்தேன். “ஒரு மொழந்தானுங்க்கா” என்று சாந்தி கைப்பிடியைப் பிடித்தாள்.

வழக்கமாக அவள் போடும் வெற்றிலைக் கொடியைப் போடவில்லை. நீளமாக ஓர் அலை, சற்று நின்று ஒரு சுழி, மறுபடி அலை. வாசலில் பனி நகர்ந்துகொண்டிருந்த அதே வேகத்தில் அவள் கை போனது. முடித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். மல்லிகா பெல்ட்டை மாட்டி, திரையைத் தொட்டார்.

சாந்தியின் கோட்டை இயந்திரம் திரும்பப் போட்டது. சுழிக்கு முன்னால் அவள் கை லேசாகத் தயங்கும். அந்தத் தயக்கமும் இருந்தது. வரிசை வரிசையாக அவளுடைய கோடு துணி முழுக்கப் பரவியது. நான் சாந்தியின் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா என்று தெரியவில்லை.

“என்ற கைதானுங்க்கா அது. ஆனா எனக்கு வலிக்கவே இல்ல” என்றாள் மெதுவாக.

மல்லிகா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தக் கோட்ட எனக்கு உட்டுட்டுப் போறியா கண்ணு? எங்கூட்டுல யாருக்கும் இப்படி வராது” என்று கேட்டார்.

சாந்தி துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள். ‘யோசிச்சுச் சொல்றோமுங்க’ என்று நான்தான் சொல்லி அழைத்து வந்தேன். அன்று இரவு மலையிலேயே செம்மேடு என்ற ஊரில் தங்கினோம். அறை ஆயிரத்து இருநூறு, வெந்நீர் காலையில் மட்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனதைத் திறந்து கேட்டுவிட்டேன். “சாந்தி, வேற எங்காச்சும் போகப் போறியா?”

“போலாம்னுதானுங்க்கா இருந்தேன். ஒரு தையல் கடையில சொல்லி வெச்சிருந்தேன். மிசினு வந்தா நீங்களே வேண்டாம்னு சொல்லீருவீங்க, அதுக்கு முன்னாடி நாமளே போயிரலாம்னு.”

நான் அவளை அனுப்பிவிடுவேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் போய்விடுவாள் என்று நான் நினைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பட்டறையில், சட்டத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு. உன் கோடு இல்லாமல் அந்த இயந்திரம் எதைத் தைக்கும் என்று கேட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள்.

ஞாயிறு காலை பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. தூரத்து முகடுகள் மட்டும் மிதந்தன. சாந்தி எனக்கு முன்னால் எழுந்து சால்வையோடு வெளியே நின்றிருந்தாள். “எறங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா அவங்ககிட்டப் போலாமா?” என்றாள்.

போனோம். நேற்றுப் பதிந்த கோட்டைத் தர மாட்டேன் என்றாள் சாந்தி; அது எங்கள் பட்டறைக்கு. மல்லிகாவுக்கு வேறொன்று போட்டுக் கொடுத்தாள், முகடுகள் மேலெழுந்து மறைகிற மாதிரி. இந்த முறை மல்லிகா கைப்பிடியைத் தாங்கிக்கொள்ள, அவள் விரலால் வழி மட்டும் காட்டினாள். திரை அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் கேட்டது. மல்லிகா ‘சாந்தி’ என்று தட்டினார்.

பொருத்தும் வகையைத்தான் வாங்கினோம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. நீங்களும் வாங்குவதாக இருந்தால், ஷோரூமோடு நிறுத்திவிடாமல் ஏற்கெனவே ஓட்டுகிறவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் துணியை, உங்கள் பஞ்சோடு எடுத்துப் போங்கள். தைத்துக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, விட்ட இடத்துக்கு அது திரும்புகிறதா என்று பாருங்கள். கையால் ஓட்டவும் விடுகிறதா, நம் கோட்டைப் பதிந்துகொள்கிறதா, இணையம் இல்லாமலும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்குப் பழுது பார்க்க ஆள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். அது ஒரு குறைதான். மலைக்குப் போவதானால் திரும்பும் பேருந்து நேரத்தைச் சோளக்காட்டில் இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தியின் தோள் முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் முன்னைப் போல இல்லை. காகிதத்தில் வரைகிறாள், பிறகு ஒரே ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பதிகிறாள். மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, இயந்திரத்தை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் மல்லிகா போன் செய்தார். ஒரு விடுதிக்கு மொத்தமாகப் போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறாராம். சாந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அந்த விடுதி முழுக்க உன்ற கோடுதான் கண்ணு. ஒரு நாளைக்கு வந்து போத்திப் படுத்துப் பாரு.”

சாந்தி ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள். “வாரேனுங்க” என்றாள். மல்லிகாவுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.